டோங்காட் குகையும் டிராக்கன்ஸ்பர்க் ஓவியங்களும்: எது எங்கே இருக்கிறது, எவ்வளவு பழையது?

2024 ஜூலையில் டெல்லியில் கூடிய யுனெஸ்கோ உலக மரபுக் குழு, தென்னாப்பிரிக்காவின் மூன்று தொல்பழங்கால இடங்களை ஒரே தொகுப்பாகப் பட்டியலில் சேர்த்தது. வெஸ்டர்ன் கேப்பில் டீப்க்ளூஃப், மொசல் பே அருகே பினக்கிள் பாயிண்ட், மூன்றாவதாக நம் டோங்காட் பக்கத்தில் இருக்கும் சிபுடு குகை. டர்பனிலிருந்து வடக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர். தலைமுறை தலைமுறையாக அந்த வட்டாரத்தில் கரும்பு வெட்டி, கடை வைத்து, கோயில் கட்டி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்குப் பெருமையான செய்திதான். ஆனால் கூடவே ஒரு குழப்பமும் வந்து ஒட்டிக்கொண்டது. "77,000 வருஷத்துக் குகை" என்ற செய்தியையும், பள்ளிச் சுற்றுலாவில் டிராக்கன்ஸ்பர்க் மலையில் பார்த்த மான் ஓவியங்களையும் ஒன்றாகப் போட்டு, டோங்காட்டில் 77,000 வருஷத்து ஓவியம் இருப்பதாகச் சிலர் நம்பத் தொடங்கிவிட்டார்கள். அங்கே சுவர் ஓவியம் கிடையாது. ஓவியங்கள் இருப்பது மலையில். அவற்றின் வயது பலர் நினைப்பதைவிட மிகக் குறைவு, அதுதான் அவற்றின் முக்கியத்துவமே.

அடிப்படையிலிருந்து வருவோம்.

முதலில் பிரித்துக்கொள்ள வேண்டியவை

1. சிபுடு, மனிதர்கள் வாழ்ந்த இடம். அதன் மதிப்பு தரைக்கு அடியில், மண் அடுக்குகளில் இருக்கிறது. சுவரைப் பார்த்தால் வெறும் பாறைதான்.

2. டர்பன்காரர்கள் சுருக்கமாக 'பெர்க்' என்று சொல்லும் உகஹ்லாம்பா டிராக்கன்ஸ்பர்க் மலைப்பகுதி 2000-ஆம் ஆண்டிலேயே உலக மரபுப் பட்டியலில் ஏறிவிட்டது. இயற்கைக்காகவும் பண்பாட்டுக்காகவும் சேர்த்தே ஏறிய இடம் அது. 2013-இல் லெசோத்தோவின் செஹ்லபதேபே பூங்காவும் அதனுடன் இணைக்கப்பட்டது. உகஹ்லாம்பா டிராக்கன்ஸ்பர்க் பூங்காவுக்குள் மட்டும் சுமார் 600 இடங்களில் ஏறக்குறைய 35,000 உருவங்கள் பதிவாகியிருக்கின்றன. சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவில் இவ்வளவு நெருக்கமாக ஓவியங்கள் குவிந்த இடம் வேறு இல்லை.

3. 'குகை' என்ற சொல்லை இரண்டுக்கும் பயன்படுத்துகிறோம், ஆனால் இரண்டுமே ஆழமான இருட்டுக் குகைகள் கிடையாது. பாறை முன்னே நீண்டு கூரை போட்டது மாதிரி நிற்கும், அடியில் மழை படாத, வெளிச்சம் நன்றாக வரும் ஒரு தாழ்வாரம் கிடைக்கும். பாறை ஒதுக்கு என்று சொன்னால் சரியாக இருக்கும். ஐரோப்பாவில் விளக்கோடு உள்ளே ஊர்ந்து போய்ப் பார்க்கும் குகைகளை மனத்தில் வைத்துக்கொண்டு பெர்க்குக்குப் போகாதீர்கள், இங்கே எல்லாமே பகல் வெளிச்சத்தில் வரையப்பட்டவை.

சிபுடுவில் அப்படி என்ன இருக்கிறது?

உதொங்காத்தி ஆற்றைப் பார்த்தபடி செங்குத்தான மணற்பாறையில் அமைந்த ஒதுக்கு அது. விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் லின் வாட்லி 1998-இல் அங்கே அகழாய்வைத் தொடங்கினார். பிறகு 2011 முதல் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கோலஸ் கோனார்ட் குழு தொடர்ந்தது. வெட்டிய குழியின் பக்கவாட்டைப் பார்த்தால் கறுப்பும் வெள்ளையும் பழுப்புமாக மெல்லிய கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் போகும். கறுப்பு என்றால் கரி, வெள்ளை என்றால் சாம்பல்.

77,000 வருஷம் என்று சொல்வது ஒரு படுக்கையை. கோரை போன்ற புல்லையும் நாணலையும் பரப்பி, அதன்மேல் ஒரு காட்டு மரத்தின் இலைகளைப் போட்டிருக்கிறார்கள். அந்த இலைக்குப் பூச்சிகளை விரட்டும் குணம் உண்டு. கொசுவுக்கும் பூச்சிக்கும் எந்த இலை உதவும் என்று அறிந்து, தேடிப் பறித்து வந்து, பாய் விரிப்பது போல் விரித்துப் படுத்தவர்கள் அவர்கள். பிற்கால அடுக்குகளில் பழைய படுக்கையைத் திரும்பத் திரும்ப எரித்துவிட்டுப் புதிதாகப் போட்டதற்கும் தடயம் இருக்கிறது. 2011-இல் இது வெளியானபோது, அதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழைய படுக்கை என்று உலகம் முழுக்கச் செய்தியானது.

ஓவியத்துக்கு மிக அருகில் வரும் சான்று ஒன்றும் அங்கே கிடைத்தது. ஏறக்குறைய 49,000 வருஷத்துக்கு முந்தைய ஒரு கல் சில்லில் செங்காவிப் பொடியும் பால் புரதமும் கலந்த ஒரு பூச்சு ஒட்டியிருந்தது. அந்தக் காலத்தில் இங்கே வளர்ப்பு மாடே கிடையாது, ஆகவே வேட்டையாடிய ஏதோ காட்டு விலங்கின் பாலாகத்தான் இருக்க வேண்டும். அதை எதில் பூசினார்கள், உடம்பிலா தோலிலா மரத்திலா என்று அந்தச் சில்லு சொல்லவில்லை. ஆனால் வண்ணம் கலக்கத் தெரிந்திருந்தது என்பது உறுதி.

அப்படியானால் சுவரில் ஏன் எதுவும் இல்லை?

பாறைதான் காரணம் என்று பாதியாவது சொல்லலாம். பெர்க்கில் ஓவியங்கள் பெரும்பாலும் கிளாரன்ஸ் எனப்படும் மணற்பாறை அடுக்கில் இருக்கின்றன. பாலைவன மணல்மேடுகள் இறுகி உண்டான, நுண்மணலால் ஆன பாறை அது. அதற்கு மேலே, சுமார் 18 கோடி வருஷத்துக்கு முன் வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பு கன்னங்கரேலென்று மதில் மாதிரி நிற்கிறது. கடினமான கரும்பாறை மேலே, மென்மையான மணற்பாறை கீழே. கீழே இருப்பது சீக்கிரம் கரைந்து உள்வாங்கும், அப்படித்தான் அந்த ஒதுக்குகள் உண்டாயின. வரைவதற்கு வழவழப்பான, வெளிர்நிறச் சுவரும் கிடைத்தது.

ஆனால் ஒதுக்கை உண்டாக்கிய அதே அரிப்புதான் ஓவியத்தையும் தின்கிறது. பகல் வெயிலில் விரிந்து, இரவுக் குளிரில் சுருங்கி, ஈரம் உள்ளே போய் வெளியே வந்து, மணற்பாறையின் மேல்தோல் செதில் செதிலாக உதிர்கிறது. ஆகவே இன்று நாம் பார்ப்பது தப்பிப் பிழைத்தவற்றை மட்டுமே. பத்தாயிரம் வருஷத்துக்கு முன் அதே சுவரில் யாராவது வரைந்திருந்தால் அந்தச் சுவரின் தோல் எப்போதோ மண்ணாகியிருக்கும். சுவர் ஓவியம் இல்லை என்பதற்காக, அங்கே வாழ்ந்தவர்களுக்கு வரையத் தெரியாது என்று முடிவுகட்ட முடியாது.

மண்ணுக்குள் புதைந்து தப்பியவைதான் மிகப் பழையவை. கேப் கடற்கரையின் பிளோம்போஸ் குகையில், செங்காவிக் கட்டியால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்ட ஒரு சின்னக் கல்துண்டு 73,000 வருஷம் பழையது என்று 2018-இல் அறிவித்தார்கள். அது அடுக்குகளுக்குள் மூடிக் கிடந்ததால் பிழைத்தது.

வயது சொல்வது ஏன் இவ்வளவு சிரமம்?

வழிகாட்டி ஒருவர் "மூவாயிரம் வருஷம்" என்பார், அடுத்த இடத்தில் இன்னொருவர் "முந்நூறு வருஷம்" என்பார். இருவரும் சரியாகவே சொல்லியிருக்கலாம், ஏனென்றால் ஒரே சுவரில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பல காலத்து ஓவியங்கள் இருக்கின்றன.

கரிமக் கணிப்புக்கு, ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பொருளின் கரிமம் வேண்டும். பெர்க் ஓவியங்களில் அதிகம் இருப்பது சிவப்பும் மஞ்சளும், அதாவது காவிமண், இரும்பு ஆக்ஸைடு. வெள்ளைக்குக் களிமண் போன்றவை. இவை எல்லாம் கனிமங்கள், கணக்கிட அவற்றில் கரிமம் இல்லை. கரியால் வரைந்த கறுப்பு மட்டும் உதவும், அதிலும் எடுக்கக்கூடிய மாதிரி ஊசிமுனை அளவுதான், ஓவியத்தைச் சுரண்டிக்கொண்டே இருக்க முடியாது அல்லவா. போதாததற்கு, பாறையின்மேல் தானாகப் படியும் உப்புப் படலங்களிலும் கரிமம் உண்டு. அது மாதிரியோடு கலந்தால் கணக்கு குழம்பிவிடும்.

இந்தச் சிக்கல்களை ஒவ்வொன்றாகக் களைந்து, கறுப்பு வண்ணங்களை நேரடியாகக் கணித்த ஒரு பெரிய ஆய்வு 2017-இல் வெளியானது. தென்கிழக்கு போட்ஸ்வானாவில் கிடைத்த வயது 5,000 வருஷத்தை ஒட்டியது. லெசோத்தோவிலும், ஈஸ்டர்ன் கேப்பின் மக்லியர் பகுதியிலும் கிடைத்தவை அதைவிட இளையவை, மக்லியரின் மிகப் பழைய ஓவியம் மூவாயிரம் வருஷத்தை நெருங்கும். இந்த ஓவியங்களை வரைந்த சான் மக்கள் பெர்க்கில் வாழ்ந்த காலம் 4,000 வருஷம் என்று யுனெஸ்கோ குறிப்பிடுகிறது. ஆக, மலையில் பார்க்கும் ஒரு படத்துக்கு அதிகபட்சம் சில ஆயிரம் வருஷம் என்று வைத்துக்கொள்ளலாம்.

குறைந்தபட்சம் எவ்வளவு? அதற்கு ஆய்வகமே வேண்டாம், படத்திலேயே பதில் இருக்கிறது. குதிரைமேல் தொப்பிக்காரர்கள், கையில் துப்பாக்கி, ஓட்டிக்கொண்டு போகும் மாட்டு மந்தை. பெர்க் பகுதியில் குதிரை புழங்கத் தொடங்கியதே 19-ஆம் நூற்றாண்டில்தான். 'வரலாற்றுக்கு முந்தைய' என்ற அடைமொழி இங்கே பாதிதான் பொருந்தும்.

படத்தில் இருப்பது என்ன?

வேட்டைக் காட்சி என்றுதான் பார்த்தவுடன் தோன்றும். நூறு வருஷத்துக்கு மேலாக அப்படித்தான் எழுதியும் வந்தார்கள். அந்த எண்ணத்தை மாற்றியதில், பெர்க்கின் காம்பெர்க் பள்ளத்தாக்கில் இருக்கும் கேம் பாஸ் ஒதுக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

அங்கே ஒரு ஈலண்ட் இருக்கிறது. ஆப்பிரிக்க மான் இனங்களிலேயே மிகப் பெரியது, வளர்ந்த ஆண் ஒன்று காளை மாட்டை மிஞ்சும். சிவப்பிலிருந்து வெள்ளைக்கு, கோடு தெரியாமல் நிறம் இறங்கும்படி உடம்பைத் தீட்டியிருக்கிறார்கள். தலை தொங்குகிறது, பிடரி மயிர் குத்திட்டு நிற்கிறது, பின்னங்கால்கள் இரண்டும் தள்ளாடி ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக விழுகின்றன. சாகப்போகிற விலங்கு. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு உருவம் நிற்கிறது. மனிதன் என்று நினைத்து நெருங்கிப் பார்த்தால் அவனுக்கும் கால்கள் குறுக்காக மடிந்திருக்கின்றன, பாதம் இருக்கவேண்டிய இடத்தில் குளம்பு. வரைந்தவர் தெரிந்தேதான் இரண்டையும் இணைத்திருக்கிறார். வேட்டைக் குறிப்பு எழுதுகிறவருக்கு இது தேவையே இல்லை.

இதற்கு விளக்கம் மூன்று திசையிலிருந்து வந்தது:

1. 1870-களில் கேப் டவுனில் வில்ஹெல்ம் பிளீக், அவருடைய மனைவியின் சகோதரி லூசி லாய்டு இருவரும், கைதிகளாகக் கொண்டுவரப்பட்ட காம் பிரிவுச் சான் மக்களிடமிருந்து கதைகளையும் நம்பிக்கைகளையும் அவர்கள் மொழியிலேயே எழுதி வைத்தார்கள். 12,000 பக்கங்களுக்கு மேல். இன்று அந்த மொழியைப் பேச ஆள் இல்லை, அந்தக் குறிப்பேடுகள் இல்லாவிட்டால் இந்தப் படங்களின் முன்னால் நாம் ஊமையாகத்தான் நிற்க வேண்டும்.

2. 1873-இல் ஜோசப் ஓர்பன் என்ற அதிகாரி லெசோத்தோவின் மலோட்டி மலைகளில் பயணம் போனபோது வழிகாட்டியாக வந்த சிங் என்ற சான் இளைஞர், வழியில் இருந்த ஓவியங்களுக்கே விளக்கம் சொன்னார். விளக்கத்தில் ஈலண்டும் நடனமும் திரும்பத் திரும்ப வந்தன. அடுத்த வருஷமே அது அச்சில் வந்துவிட்டது.

3. கலஹாரியில் வாழும் சான் மக்களின் குணமாக்கும் நடனம். பெண்கள் கைதட்டிப் பாட, வைத்தியர்கள் மணிக்கணக்கில் ஆடி, தன்னிலை மறந்து, மூக்கில் ரத்தம் வழிய, வேறு உலகத்துக்குப் போய்வந்து நோயாளியைத் தொடுவார்கள்.

இந்த மூன்றையும் இணைத்து வாசித்தவர் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸ். சாகும் ஈலண்டும் தன்னிலை மறக்கும் வைத்தியரும் ஒன்று, அதன் சக்தி அவருக்குள் இறங்குகிறது, கால் பின்னுவதும் மயிர் சிலிர்ப்பதும் இருவருக்கும் பொது என்பது அவர் வாதம். பாறைச் சுவரே இரண்டு உலகத்துக்கும் நடுவில் இருக்கும் திரை என்றும் சொன்னார். விரிசலுக்குள்ளிருந்து பாதி உடம்போடு வெளியே வரும் உருவங்கள் பல இடங்களில் இருப்பது இதோடு பொருந்துகிறது. தைப்பூசக் காவடியில் அருள் வந்து ஆடுகிறவரைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்த நமக்கு, இந்தப் பேச்சு மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடிபடும்.

எல்லா ஆய்வாளர்களும் இதை ஏற்றுக்கொண்டதாக நினைக்க வேண்டாம். இறந்தவர்களின் ஆவிகளையும் தொன்மக் கதைகளையும் முன்வைத்து வேறு விதமாகப் படிக்கிறவர்கள் உண்டு. எல்லாப் படத்தையும் மயக்க நிலைக்குள் அடக்குவது எனக்கும் சரியாகப் படவில்லை. ஆனால் பொழுதுபோகாமல் வரைந்த வேட்டைப் படம் என்ற பழைய பேச்சுக்கு இனி இடமில்லை.

உங்கள் தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட்டின் அட்டையைப் பாருங்கள். 2000 ஏப்ரல் 27 அன்று வெளியிட்ட நாட்டுச் சின்னத்தின் நடுவில் எதிரெதிராக நின்று வணங்கும் இரண்டு மனித உருவங்கள், மக்லியர் பகுதியிலிருந்து பெயர்த்தெடுத்து இப்போது கேப் டவுன் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கும் லின்டன் கல்லிலிருந்து வந்தவை. அடியில் இருக்கும் வாசகம் காம் மொழியில் உள்ளது.

வரைந்தவர்கள் எங்கே போனார்கள்?

இந்தப் பகுதிதான் சுற்றுலாத் துண்டுப்பிரசுரங்களில் ஒற்றை வரியில் முடிந்துபோகிறது. 'மறைந்துபோன இனம்' என்று.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் ட்ரூரோ மெட்ராஸிலிருந்து டர்பனுக்கு வந்தது 1860 நவம்பர் 16. அந்த வருஷங்களில் பெர்க்கில் சான் மக்கள் இன்னும் இருந்தார்கள். 1840-களிலிருந்தே வெள்ளைப் பண்ணைக்காரர்கள் மலையடிவாரம் வரை நிலம் பிடித்து, வேட்டை விலங்குகளைச் சுட்டுத் தீர்த்தார்கள். பிழைப்புப் போனவர்கள் மாடுகளைக் கவர்ந்தார்கள், அதற்குப் பதிலடியாக ஆயுதப் படைகள் மலை ஏறின. நெட்டால் காலனி அரசு அடிவாரத்தில் மற்ற ஆப்பிரிக்கக் குடிகளைத் தடுப்பாகக் குடியேற்றியது. சிலர் கொல்லப்பட்டார்கள், சிலர் லெசோத்தோ பக்கம் போனார்கள், சிலர் ஸுலு, ஸோத்தோ, புத்தி குடும்பங்களோடு கலந்து பெயர் மாறி வாழ்ந்தார்கள். நம் கொள்ளுப்பாட்டன்மார் எந்த அரசின் கீழ் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கினார்களோ, அதே அரசுதான் மேலே மலையில் இதைச் செய்தது. சிங் தன் விளக்கங்களைச் சொன்ன 1873-இல், ஒப்பந்தம் முடித்த நம்மவர்கள் டர்பனைச் சுற்றிக் காய்கறித் தோட்டம் போட ஆரம்பித்திருந்தார்கள். அவ்வளவு பக்கத்துக் காலம் அது.

முற்றாக மறையவும் இல்லை. காம்பெர்க்கில் வாழும் டூமா குடும்பத்தார் தங்களைச் சான் வழித்தோன்றல்கள் என்கிறார்கள், பேசுவது ஸுலு. கேம் பாஸ் ஒதுக்கில் முன்னோருக்காக ஈலண்ட் சடங்கு நடத்துகிறார்கள். தங்கள் முன்னோர் இடத்துக்குள் நுழைய அவர்களே அனுமதி பேசி வாங்கவேண்டியிருந்தது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. பாதுகாப்புச் சட்டம் தேவை. அதை எழுதும்போது இவர்களை யாரும் மனத்தில் வைக்கவில்லை என்பதும் உண்மை.

போவதாக இருந்தால்

1. சிபுடு ஆய்வுத்தளம். அனுமதியில்லாமல் போய் எட்டிப் பார்க்காதீர்கள், ஒரு செருப்புக்கால் போதும், ஆயிரம் வருஷத்து அடுக்கு ஒன்று சரிந்துவிடும்.

2. பெர்க்கில் முதன்முறை போகிறவர்களுக்கும் வயதானவர்களுக்கும் ஜயன்ட்ஸ் காசிலின் மெயின் கேவ்ஸ் ஏற்றது, நடை குறைவு. அங்கே ஒரு பாறையில் '75' என்று வெட்டியிருப்பதைக் காட்டுவார்கள், 1870-களில் அங்கே தங்கிய பிரிட்டிஷ் 75-ஆவது படைப்பிரிவின் வேலை. கேம் பாஸுக்கு நல்ல ஏற்றம் உண்டு, அரை நாளை ஒதுக்குங்கள், மதியத்துக்குமேல் இடிமழை வரும் கோடைக் காலத்தில் விடியலிலேயே கிளம்புங்கள்.

3. அங்கீகரித்த வழிகாட்டி இல்லாமல் ஓவியங்களுக்குப் போக விடமாட்டார்கள். முன்கூட்டியே போன் செய்து கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

4. நிறம் பளிச்சென்று தெரியப் படத்தின்மேல் தண்ணீர் அடிக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. மணற்பாறை தண்ணீரைக் குடிக்கும், காயும்போது உள்ளே கரைந்த உப்பு மேலே வந்து வெள்ளைப் படலமாக உறையும், அந்த உப்புப் படிகங்களே வண்ணத்தை வெளியே தள்ளி உதிர்க்கும். ஒருமுறை தெளித்தவர் நல்ல போட்டோவோடு வீட்டுக்குப் போய்விடுவார், அடுத்த தலைமுறைக்கு மங்கல்தான். கை வைப்பதும் அப்படியே, தோலில் இருக்கும் எண்ணெய்ப் பசை பாறையில் இறங்கிவிடும். கற்பூரம், ஊதுபத்தி, சமையல் எதுவும் அங்கே வேண்டாம், புகை படிந்தால் எடுக்க வழியில்லை.

5. 1999-ஆம் ஆண்டின் தேசிய மரபு வளச் சட்டப்படி, நூறு வருஷத்துக்கு மேற்பட்ட எந்தப் பாறை ஓவியமும், அதைச் சுற்றிப் பத்து மீட்டர் இடமும் பாதுகாப்புக்கு உட்பட்டவை. தனியார் நிலத்தில் இருந்தாலும் இதே சட்டம்தான். பெயர் கிறுக்குவது, துண்டு பெயர்ப்பது எல்லாம் குற்றம்.

6. மலை நடையில் யாரும் சொல்லாத ஓவியம் எதாவது கண்ணில் பட்டால், இடத்தோடு சேர்த்து சமூக வலைத்தளத்தில் போடாதீர்கள். போனில் எடுக்கும் போட்டோவில் இடக்குறிப்பு தானாகவே பதிந்திருக்கும், அதையும் நீக்குங்கள். குவாஸுலு-நெட்டாலில் இதைக் கவனிப்பது அமாஃபா என்ற மாகாண மரபு நிறுவனம். தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்து அவர்களுக்கு அனுப்பினால் போதும், பதிவு செய்வதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.